விற்க இசையாதவர் வீடு

அமெரிக்க நாட்டின் கிழக்குக் கரையில் கனெக்டிகட் என்றொரு சிறு மாநிலம் உண்டு. அங்கே தேம்ஸ் என்னும் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் நியூ லண்டன் நகரம் அமைந்திருக்கிறது. ஊர்ப் பெயரும் ஆற்றுப் பெயரும் இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள் தம்முடன் கொண்டுவந்தவை. பிறந்த ஊரை விட்டு வந்தும் அதன் பெயரைத் துறக்க மனமில்லாத மக்கள் எழுப்பிய நகரம் அது. ஒருவருக்குத் தம் வீட்டின்மீது உள்ள உரிமை எதுவரை செல்லும் என்ற கேள்வி, அந்நகரிலிருந்து புறப்பட்டு 2005ஆம் ஆண்டில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பாயிற்று.

இவ்வழக்கை நாம் தேடிப் படிக்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மத்ரஸாவில் ஒருநாள், மதீனாப் பள்ளிவாசல் விரிவாக்கத்தின்போது ஹஜ்ரத் அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு கேட்கப்பட்ட வரலாற்றை ஓதிக் காட்டிக்கொண்டிருந்தோம். மாணவர் ஒருவர் எழுந்து, “ஹஜ்ரத், கேட்ட விலையைத் தருவதாக அமீருல் மூமினீன் சொன்னார்களே! பிறகு அதில் அநியாயம் எங்கிருந்து வந்தது?” என்று வினவினார். ஏதோ ஒரு விடை சொல்லிப் பாடத்தை நகர்த்தினோம். ஆனால் அவ்விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. பின்னர் அமெரிக்க வழக்கின் விவரங்களைப் படித்தபோது, நம் மாணவர் கேட்ட அதே கேள்விதான் அங்கே ஒன்பது நீதிபதிகளை ஐவரென்றும் நால்வரென்றும் பிரித்து நிறுத்தியிருப்பதைக் கண்டோம். ஆகவே நியூ லண்டன் செய்தியை முதலில் சொல்லி, மதீனாவுக்குப் பிறகு வருவோம்.

19ஆம் நூற்றாண்டில் நியூ லண்டன் செல்வம் கொழித்த துறைமுகம். திமிங்கில வேட்டைக்குச் சென்ற கப்பல்கள் அங்கிருந்து புறப்பட்டன. திமிங்கிலக் கொழுப்பிலிருந்து எடுத்த எண்ணெய்தான் அக்காலத்தில் வீட்டு விளக்குகளுக்கு ஒளி தந்தது. மண்ணெண்ணெய் வந்தபின் அந்த வாணிகம் படுத்தது. அடுத்த நூற்றாண்டில் கடற்படை வந்து ஊருக்குச் சோறிட்டது. ட்ரம்புல் கோட்டை என்னும் பகுதியில் இருந்த கடற்படை ஆய்வு நிலையத்தில் 1,500 பேருக்குமேல் வேலை பார்த்தனர். 1996இல் அந்நிலையமும் மூடப்பட்டது. 1998இல் நகரில் வேலையற்றோர் விகிதம் மாநில விகிதத்தைப்போல ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. மக்கள்தொகை 24,000க்கும் கீழே இறங்கி, 1920க்குப் பின் இல்லாத அளவுக்குக் குறைந்தது. மாநில அரசு 1990இலேயே அதை நலிவுற்ற நகரங்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. இவற்றை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை. நகராட்சியில் இருந்தோர் கொள்ளைக்காரர்கள் அல்லர். வறண்டுபோன ஊருக்கு வருவாய் தேடியவர்களே அவர்கள்.

அந்த வேளையில் ஒரு பெரிய இடத்துச் சம்பந்தம் வாசலில் வந்து நின்றது. 1998 பிப்ரவரியில் ஃபைஸர் என்னும் மருந்து நிறுவனம், ட்ரம்புல் கோட்டைப் பகுதியை அடுத்து 30 கோடி டாலர் செலவில் ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்போவதாக அறிவித்தது. அதை ஒட்டியுள்ள நிலத்தையும் சீர்படுத்தினால் ஊர் நிமிர்ந்துவிடும் என்று நகராட்சி எண்ணியது. நியூ லண்டன் வளர்ச்சிக் கழகம் என்ற தனியார் அமைப்பிடம் திட்டம் தீட்டும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அக்கழகம் இலாப நோக்கற்றது. ஆனால் அதன் நிர்வாகிகள் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். ஏறக்குறைய 90 ஏக்கர் நிலம் ஏழு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. கரையோரம் தங்கும் விடுதி, கடைவீதி, உல்லாசப் படகுகளுக்குத் துறை, புதிய குடியிருப்புகள் 80 அளவில், அலுவலகக் கட்டடங்கள் என ஏட்டில் ஒரு புது நகரமே எழுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேலைகளும் பெருகிய வரி வருவாயும் கிடைக்கும் என்றனர். 2000 ஜனவரியில் நகராட்சி திட்டத்தை ஏற்று, விற்க மறுப்போரின் இடங்களைக் கட்டாயமாக எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தையும் கழகத்துக்கு வழங்கிற்று.

அந்த 90 ஏக்கரில் 32 ஏக்கர் பழைய கடற்படை நிலம். அதைத் தவிர தனியாருக்குரிய இடங்கள் 115 அளவில் இருந்தன. பெரும்பாலோர் விலை பேசி விற்றுவிட்டுப் போயினர். ஒன்பது பேர் இசையவில்லை. அவர்களுக்குச் சொந்தமான மனைகள் 15.

அவர்களுள் ஒருவர் சூசெட் கீலோ என்ற பெண்மணி. 1997இல் ஆற்று நீரைப் பார்த்து நிற்கும் சிறியதொரு மரவீட்டை வாங்கி, பழுது பார்த்து, இளஞ்சிவப்பு வண்ணம் பூசிக் குடியேறியிருந்தார். அவர் பெயராலேயே வழக்கு இன்றும் அறியப்படுகிறது. ஆனால் நம் உள்ளத்தைத் தொட்டவர் வேறொருவர். அவர் 1918இல் அத்தெருவிலுள்ள தம் வீட்டிலேயே பிறந்து, வேறெங்கும் குடிபோகாமல் எண்பது ஆண்டுகளைக் கடந்த மூதாட்டி. அவரை மணந்தவரும் அவ்வீட்டுக்கே வந்து அறுபதாண்டு அளவில் வாழ்ந்திருந்தார். நம் கடற்கரை ஊர்கள் சிலவற்றில் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து தங்கும் வழக்கத்தை அறிந்த வாசகர்களுக்கு, ஒரு பெண்ணுக்கு அவள் பிறந்த வீடு என்னவாக இருக்கும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

2000 நவம்பரில் கையகப்படுத்தும் அறிவிப்பு வந்தது. அந்த வீடுகள் பாழடைந்தவை என்றோ, சுகாதாரத்துக்குக் கேடானவை என்றோ நகராட்சி குற்றம் சாட்டவில்லை. திட்டத்துக்குள் அவை விழுந்துவிட்டன என்பது ஒன்றே காரணம். அதே பகுதியில் இத்தாலியர் சங்கம் ஒன்றின் கட்டடம் இடிபடாமல் விடப்பட்டது. குடியிருப்போர் இதைச் சுட்டிக்காட்டி மனம் நொந்தனர்.

இனி, அந்நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று காண்போம். 1791இல் அமெரிக்க அரசியல் சாசனத்தில் சேர்க்கப்பட்ட ஐந்தாவது திருத்தம், பொதுப் பயனுக்காகவன்றித் தனியார் சொத்தை எடுக்கலாகாது என்றும், எடுத்தால் நியாயமான ஈட்டுத்தொகை தரவேண்டும் என்றும் பொருள்படும் விதியைக் கொண்டது. பொதுப் பயன் என்றால் அன்று எவரும் அகராதி தேடவில்லை. சாலை, கோட்டை, அஞ்சல் நிலையம் முதலியவற்றை எல்லோரும் பயன்படுத்துகின்றனர். பிறகு இருப்புப்பாதை வந்தது. அதை நடத்தியது தனியார் கம்பெனி. ஆனாலும் பயணச்சீட்டு வாங்கிய எவரும் அதில் ஏறலாம். இவ்வாறு அச்சொல் கொஞ்சம் நெகிழ்ந்தது. நெகிழ்ந்த சொல் அத்தோடு நிற்கவில்லை.

1954இல் தலைநகர் வாஷிங்டனின் தென்மேற்குப் பகுதியைச் சேரி என்று அறிவித்து, முழுவதையும் இடித்துக் கட்டினர். அங்கே வாழ்ந்தோரில் நூற்றுக்கு 97 பேருக்குமேல் கறுப்பின மக்கள். பழுதில்லாத கடை வைத்திருந்த ஒருவர் தம் கடையை ஏன் எடுக்கவேண்டும் என்று வழக்காடித் தோற்றார். தனித்தனிக் கட்டடமாகப் பார்க்க வேண்டியதில்லை, பகுதி முழுவதையும் பார்த்தால் போதும் என்றது உச்ச நீதிமன்றம். 1984இல் ஹவாய்த் தீவுகளின் வழக்கு வந்தது. அங்கு 72 பேர் மட்டும் தீவுகளின் நிலத்தில் 47 விழுக்காட்டைக் கையில் வைத்திருந்தனர். அரசு அவர்களிடமிருந்து நிலத்தை எடுத்துக் குத்தகைதாரருக்கே விற்றது. சிலர் கைக்குள் அடைபட்ட நிலத்தைப் பலருக்குப் பிரித்தளிப்பதும் பொதுநோக்கமே என்று நீதிமன்றம் ஏற்றது. அத்தீர்ப்பை எழுதியவர் சாண்ட்ரா டே ஓ’கானர் என்ற பெண் நீதிபதி. இப்பெயரை வாசகர்கள் நினைவிற் கொள்க.

இவ்விரண்டுக்கும் இடையில், 1981இல், மோட்டார் தொழிலுக்குப் பேர்போன டெட்ராய்ட் நகரில் நடந்தது மிகப் பெரிது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் புதிய தொழிற்சாலைக்கு இடம் கேட்டது. இடம் கிடைத்தால் 6,000 பேருக்கு வேலை என்றது. போலந்து நாட்டிலிருந்து வந்து குடியேறியோர் மிகுந்த ஒரு பகுதியையே நகரம் எடுத்துக் கொடுத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், கடைகள், ஒரு மருத்துவமனை, அம்மக்கள் வழிபட்டு வந்த கிறித்தவ ஆலயங்கள் எல்லாம் இடிபட்டன. நான்காயிரம் பேர் அளவில் இடம்பெயர்ந்தனர். முதியோர் பலர் தம் ஆலயத்துக்குள் புகுந்து கதவடைத்துக்கொண்டு இருந்தும் பயனில்லை. மிஷிகன் மாநில உச்ச நீதிமன்றம் இதைச் சரியென்றது. தொழிற்சாலை எழுந்தது உண்மை. சொன்ன எண்ணிக்கையில் வேலை எழவில்லை. அதே நீதிமன்றம் 2004இல், வேறொரு வழக்கில், தன் பழைய தீர்ப்பு பிழையென்று கூறி அதை நீக்கிற்று. இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் தீர்ப்பை நீக்க முடிந்தது. இடித்த வீட்டை என் செய்வது?

நியூ லண்டன்காரர்கள் வழக்குத் தொடுத்தது 2000 டிசம்பரில். கீழ் நீதிமன்றம் சில மனைகளைக் காத்து, சிலவற்றைக் கைவிட்டது. 2004இல் மாநில உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மூவர் என்ற கணக்கில் எல்லாவற்றையும் எடுக்கலாம் என்றது. நாட்டின் உச்ச நீதிமன்றம் 2005 ஜூன் 23 அன்று ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அதனையே உறுதி செய்தது.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ். பொதுப் பயன் என்பதைப் பொதுநோக்கம் என்றே நெடுங்காலமாக நீதிமன்றம் விளக்கி வந்துள்ளது. பொருளாதார வளர்ச்சி அரசின் பழமையான பணிகளுள் ஒன்று. நகராட்சி ஆழ்ந்து ஆராய்ந்தே திட்டம் வகுத்திருக்கிறது. அத்திட்டம் பலிக்குமா பலிக்காதா என்று கணிப்பது நீதிபதிகளின் வேலையன்று. மாநிலங்கள் விரும்பினால் இதைவிடக் கடுமையான வேலியைத் தாமே போட்டுக்கொள்ளலாம் என்பது அவருடைய வாதத்தின் சாரம். ஓ’கானர் எழுதிய ஹவாய்த் தீர்ப்பும் அவருக்குத் துணை நின்றது. ஆனால் ஓ’கானரே எதிர்த்தரப்பில் இருந்தார். சேரியை ஒழிப்பதும், சிலர் கைக்குள் சிக்கிய நிலத்தை விடுவிப்பதும் ஏற்கெனவே நிகழ்ந்துகொண்டிருக்கும் ஒரு தீங்கை நீக்குவன. ஒழுங்காகக் குடியிருக்கும் ஒருவரின் வீட்டில் என்ன தீங்கு இருக்கிறது, அவரைவிட அதிக வரி கட்டக்கூடிய வேறொருவர் இருக்கிறார் என்பதைத் தவிர? இவ்வாறு அவர் வாதித்தார். இதை ஒப்பினால் எளிய விடுதி நிற்கும் இடத்தில் ஆடம்பர விடுதியும், வீடு நிற்கும் இடத்தில் அங்காடியும் வருவதைத் தடுக்க ஏதும் இராது என்று எச்சரித்தார். நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் தனியே ஒரு மறுப்பு எழுதினார். அவர் கறுப்பினத்தவர். இப்படிப்பட்ட திட்டங்களின் பாரம் எப்போதும் ஏழைகள் தலையிலேயே விழும், அவர்களுடைய நிலம்தான் குறைந்த வருவாய் தருவதாகக் கணக்கில் தோன்றும், அவர்களுக்குத்தான் அரசியல் செல்வாக்கும் இராது என்பது அவர் கருத்து. வாஷிங்டனில் 1954இல் பெயர்க்கப்பட்டோர் யாரென்பதை அவர் மறக்கவில்லை.

ஈட்டுத்தொகை பற்றி இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். அது சந்தை விலையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. சந்தை விலையென்பது விற்க விரும்புபவருக்கும் வாங்க விரும்புபவருக்கும் இடையில் படியும் விலை. விற்க விரும்பாதவருக்கு அந்த விலை எப்படி நியாயமாகும்? அவர் விரும்பாததே, அவர் கணக்கில் அவ்வீடு அந்த விலையைவிட மேலானது என்பதற்குச் சாட்சியல்லவா? பிறந்த அறை, பெற்றோர் இறந்த அறை, பக்கத்து வீட்டார் உரிமையோடு குரல் கொடுக்கும் சாளரம் இவையெல்லாம் எந்தக் கிரயப் பத்திரத்திலும் எழுதப்படுவதில்லை. நம் மாணவருக்கு அன்று நாம் சொல்லியிருக்க வேண்டிய விடையில் பாதி இதுவே. மறுபாதிக்கு மதீனா செல்வோம்.

ஹிஜ்ரி 17 (கி.பி. 638) அளவில் மதீனாவில் மக்கள் பெருகி, அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் இடம் போதாமலாயிற்று. அமீருல் மூமினீன் உமர் (ரலி) அவர்கள் சுற்றியுள்ள வீடுகளை விலைக்கு வாங்கினார்கள். அன்னையரின் அறைகளைத் தவிர எஞ்சி நின்றது, நபிகளாரின் சிறிய தந்தையார் அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு. இப்னு ஸஅத் அவர்களின் தபகாத் நூல் இதனை எடுத்துரைக்கிறது. உமர் (ரலி) மூன்று வழிகளை முன்வைத்தார்கள்: பைத்துல்மாலிலிருந்து கேட்ட விலையை வாங்கிக்கொள்ளலாம், அல்லது மதீனாவில் விரும்பிய இடத்தைக் காட்டினால் அங்கே வீடு கட்டித்தரப்படும், அல்லது முஸ்லிம்களுக்குத் தருமமாக விட்டுவிடலாம். மூன்றில் ஒன்றையும் ஏற்பதற்கில்லை என்றார்கள் அப்பாஸ் (ரலி).

அடுத்து நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. பாரசீகத்தையும் ரோமப் பேரரசையும் நடுங்கவைத்த ஆட்சித் தலைவர், தமக்கும் ஒரு குடிமகனுக்கும் இடையிலுள்ள வழக்கைத் தாமே தீர்த்துக்கொள்ளவில்லை. உபை இப்னு கஅப் (ரலி) அவர்களை நடுவராக இருவரும் ஏற்று, அவர்கள் வீட்டு வாசலுக்கே போனார்கள். உபை (ரலி), நபி (ஸல்) அவர்களிடம் தாம் கேட்ட ஒரு செய்தியைச் சொன்னார்கள். தாவூது (அலை) அவர்கள் இறையில்லம் ஒன்றைக் கட்டப் பணிக்கப்பட்டபோது, வரைந்த கோடு ஒருவருடைய வீட்டின்மீது போயிற்று. அவர் விற்க மறுத்தார். எடுத்துக்கொள்ளலாமா என்று தாவூது (அலை) உள்ளத்தில் நினைத்த அளவிலேயே, தன்னை நினைவுகூரும் இல்லத்துக்குள் அபகரிப்பைப் புகுத்த எண்ணியதற்காக இறைவன் கண்டித்து, அக்கட்டடத்தை எழுப்பும் பேற்றை அவர்களுக்கு இல்லாமலாக்கினான் என்பது அச்செய்தி. உமர் (ரலி) உடனே ஏற்றுவிடவில்லை. உபை அவர்களின் மேலாடையைப் பற்றிப் பள்ளிவாசலுக்கு அழைத்துச் சென்று, இதை வேறு யாரேனும் கேட்டதுண்டா என்று வினவினார்கள். அபூதர் (ரலி) முதலியோர் சாட்சி சொன்னார்கள். பிறகு அப்பாஸ் அவர்களை நோக்கி, இனி உம் வீட்டைப்பற்றி உம்மிடம் பேசமாட்டேன் என்று விலகிக்கொண்டார்கள். அப்பாஸ் (ரலி) அதைக் கேட்ட பின்னரே, அவ்வீட்டை முஸ்லிம்களுக்குத் தருமமாகத் தாமே அளித்தார்கள். உமர் (ரலி) அவர்களுக்கு வேறு வீடு கட்டிக் கொடுத்தார்கள்.

இவ்வறிவிப்பின் தொடர் குறித்து ஹதீஸ் கலை அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள். அதனை ஈண்டு விரிக்கவில்லை. ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால் நாம் வாசகரை ஏமாற்றியவராவோம். நம்முடைய மேடைகளில் அப்படி நிறுத்திக்கொள்வோர் உண்டு. அதே ஆண்டில் மக்காவில் கஅபாவைச் சுற்றியுள்ள இடம் விரிவாக்கப்பட்டபோது, விற்க மறுத்த சிலருடைய வீடுகளை உமர் (ரலி) இடிக்கச் செய்து, அவற்றின் விலையைக் கஅபாவின் கருவூலத்தில் அவர்கள் பெயருக்கு வைத்தார்கள் என்றும், பின்னர் அவர்கள் அதைப் பெற்றுக்கொண்டார்கள் என்றும் மக்காவின் வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஹிஜ்ரி 26இல் உஸ்மான் (ரலி) மேலும் விரித்தபோது மறுத்தவர்கள் கூச்சலிட்டார்கள். உமர் செய்தபோது வாய் திறக்காத நீங்கள் என் பொறுமையைக் கண்டல்லவா துணிகிறீர்கள் என்று கூறி அவர்களைச் சிறையில் வைத்து, ஒருவர் பரிந்து பேசிய பின்னரே விடுவித்தார்கள். கஅபாவைத் தேடி வந்து அதன் முற்றத்தில் குடியேறியவர்கள் அவர்கள். கஅபா அவர்களைத் தேடி வரவில்லை என்பது அங்கே சொல்லப்பட்ட நியாயம்.

ஆக, மறுப்பவரின் சொல்லுக்கு மதீனாவில் ஒரு விடையும் மக்காவில் ஒரு விடையும் கிடைத்திருக்கின்றன. பின்வந்த சட்ட அறிஞர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு சிந்தித்தனர். பள்ளிவாசல் நெருக்கமானால், பொதுவழி குறுகினால், விலை கொடுத்து எடுக்கலாம் என்றனர் பலர். 19ஆம் நூற்றாண்டில் துருக்கி உஸ்மானிய அரசு தொகுத்த மஜல்லா என்னும் சட்ட நூலின் 1216ஆம் விதி, தேவை ஏற்பட்டால் ஆட்சியாளரின் ஆணைப்படி ஒருவருடைய சொத்தை அதன் மதிப்பைக் கொடுத்து எடுத்துச் சாலையில் சேர்க்கலாம் என்கிறது. ஆனால் விலை கைக்கு வந்து சேரும்வரை சொத்து அவர் கையைவிட்டு எடுக்கப்படலாகாது என்றும் சேர்த்துச் சொல்கிறது.

இவை அனைத்திலும் எடுக்கப்பட்ட இடம் எதுவாக மாறியது என்று பாருங்கள். பள்ளிவாசலாக மாறியது, சாலையாக மாறியது. வீட்டை இழந்தவரே மறுநாள் அங்கே வந்து தொழலாம்; அவருடைய பிள்ளைகள் அவ்வழியே நடக்கலாம். ஸைதுடைய வீட்டை எடுத்து, அதிக வரி கட்டுவார் என்பதற்காக அம்ருக்குக் கொடுக்கலாம் என்று நம் நூல்களில் நாம் எங்கும் ஓதியதில்லை. அதற்கு அங்கே வழங்கும் பெயர் ‘கஸ்பு’, அதாவது அபகரிப்பு. விலை கொடுத்தாலும் பெயர் மாறாது. நியூ லண்டனில் கீலோவின் வீட்டுமனை, அவர் நடந்து போகும் சாலையாக மாறவிருந்ததன்று. தனியார் கட்டி, தனியார் நடத்தி, தனியார் இலாபம் காணும் ஒன்றாக மாறவிருந்தது. பொதுமக்களுக்கு வரக்கூடியது வரியும் வேலையும். அவையும் வந்தால்தான்.

நம் நாட்டிலும் இக்கேள்வி புதிதன்று. வெள்ளையர் ஆட்சி 1894இல் இயற்றிய நில எடுப்புச் சட்டம் கம்பெனிகளுக்காகவும் நிலம் எடுக்க இடந்தந்தது. நூற்றாண்டுக்கும் மேலாக அதுவே நடைமுறையில் இருந்தது. அதற்கு மாற்றாக வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம், தனியார் நிறுவனங்களுக்காக எடுப்பதானால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரும், அரசும் தனியாரும் கூட்டாக நடத்துவதற்கானால் 70 விழுக்காட்டினரும் முன்கூட்டியே இசையவேண்டும் என்றது. அப்பாஸ் (ரலி) அவர்களின் ‘இல்லை’ என்ற சொல்லுக்கு அதில் ஓரளவு இடம் உண்டு. எஞ்சிய 20 பேரில் ஒருவராக அவர்கள் இருந்திருந்தால் அதுவும் இல்லை.

மீண்டும் நியூ லண்டன் செல்வோம். தீர்ப்பு வெளியானதும் அமெரிக்கா முழுவதும் கொதித்தது. கட்சி வேறுபாடின்றி மக்கள் வெகுண்டனர். சில ஆண்டுகளுக்குள் 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் தம் சட்டங்களைத் திருத்தின. எல்லாத் திருத்தங்களும் வலுவானவையல்ல. சில வெறும் ஒப்புக்குச் செய்தவை. பெரும்பான்மையில் இருந்த நீதிபதி டேவிட் சூட்டர் அவர்களின் சொந்த வீட்டையே எடுத்து விடுதி கட்டவேண்டும், அதனால் ஊருக்கு வருவாய் கூடும் என்று ஒருவர் மனுப் போட்டார்! அவ்வூர் மக்கள் அதை ஏற்காமல், நீதிபதியின் வீடு அவருக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டனர். தீர்ப்பெழுதிய ஸ்டீவன்ஸ் அவர்களும் அதே ஆண்டு ஒரு வழக்கறிஞர் கூட்டத்தில், தாம் சட்டமியற்றும் இடத்தில் இருந்திருந்தால் இத்தகைய திட்டத்தை எதிர்த்திருப்பதாகவும், சட்டம் கட்டாயப்படுத்தியதாலேயே அவ்வாறு தீர்ப்பளித்ததாகவும் கூறினார்.

வழக்கில் தோற்றவர்களிடம், வழக்கு நடந்த ஆண்டுகளில் அவ்வீடுகளில் குடியிருந்தமைக்கு வாடகை தரவேண்டுமென்று கழகம் கேட்டதாகச் செய்தி வந்தபோது மக்கள் சினம் மேலும் மூண்டது. கையகப்படுத்திய நாளிலேயே உரிமை மாறிவிட்டதாம்! அந்த மூதாட்டி 2006இல், வெளியேற்றப்படுவதற்கு முன், தாம் பிறந்த அந்த வீட்டிலேயே உயிர் துறந்தார். அவ்வாண்டு ஜூன் மாதம் எஞ்சியிருந்தோரும் உடன்பாட்டுக்கு வந்து வெளியேறினர். வீடுகள் இடிக்கப்பட்டு நிலம் தரைமட்டமாயிற்று.

அதன்பின் அங்கே ஒன்றும் எழவில்லை. கட்டுவதாக ஒப்புக்கொண்ட நிறுவனத்துக்குப் பணம் திரளவில்லை. 2008இல் அமெரிக்காவைப் பிடித்த பொருளாதார நெருக்கடி எஞ்சிய நம்பிக்கையையும் கொண்டுபோயிற்று. 2009 நவம்பரில் ஃபைஸர் நிறுவனம் நியூ லண்டனை விட்டு, 1,400 வேலைகளோடு ஆற்றுக்கு அக்கரையிலுள்ள கிராட்டன் ஊருக்குப் போவதாக அறிவித்தது. அதற்குத் தரப்பட்ட பத்தாண்டு வரிச்சலுகை முடிய அதிக காலம் இல்லாத வேளை அது. காலியான கட்டடத்தை நீர்மூழ்கிக் கப்பல் கட்டும் நிறுவனம் ஒன்று வாங்கிற்று. பொதுப்பணம் ஏறத்தாழ 8 கோடி டாலர் செலவாகியிருந்தது. வீடுகள் இருந்த நிலத்தில் புல் மண்டிற்று, தெருப்பூனைகள் குடியேறின. 2011இல் பெரும்புயல் ஒன்று வீசியபோது, ஊரில் முறிந்த மரக்கிளைகளையும் குப்பையையும் கொண்டுவந்து கொட்டும் இடமாக அந்நிலம் பயன்பட்டது. எவருடைய வீட்டையும் இடிக்காமலே கிடைத்திருக்கக்கூடிய பயன்தான் அது! வெளியேற்றம் நடந்து பத்தாண்டுகளுக்குப் பின்னும் அங்கே வெற்று மண்ணே கிடந்தது.

2010இல் கனெக்டிகட் மாநில உச்ச நீதிமன்றத்தைச் சிறப்பிக்க நடந்த விருந்தொன்றுக்குச் சூசெட் கீலோவும் வந்திருந்தார். இவ்வழக்கைப் பற்றி நூல் எழுதியவர் அன்று அங்கே பேசினார். பேச்சு முடிந்ததும், 2004இல் நகராட்சிக்குச் சார்பாக வாக்களித்த நீதிபதி ரிச்சர்ட் பால்மர் அவர்களிடம் வந்து, அப்பெண்மணியைக் கண்டு, தம் வருத்தத்தைத் தெரிவித்து மன்னிப்புக் கேட்டார். இவ்வளவும் முன்பே தெரிந்திருந்தால் வேறுவிதமாகத் தீர்ப்பளித்திருக்கக் கூடும் என்று அவர் சொன்னதாகச் செய்தி பரவியது. பின்னர் அவரே ஒரு விளக்கம் தந்தார்: பின்னால் நடந்தவை அன்று நீதிமன்றத்தின்முன் இருந்திருக்க முடியாதவை, சட்டத்தைப் பொறுத்தவரை தம் கருத்து மாறவில்லை. அவர் சொன்னது சரியே. வருங்காலத்தை எந்த நீதிபதியும் அறியார். அப்படியானால் வருங்காலத்தைக் காட்டிக் கேட்கப்பட்ட வீடுகளை அன்று எதை நம்பிக் கொடுத்தார்கள் என்று அந்த விருந்து மண்டபத்தில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இளஞ்சிவப்பு வீடு மட்டும் இடிபடவில்லை. பலகை பலகையாகப் பிரித்து எடுத்துச் சென்று, 2008இல் அதே நகரின் நடுவில் ஃபிராங்க்ளின் தெருவில் மீண்டும் பொருத்தி நிறுத்தினார்கள். அங்கிருந்து ஆறு தெரியாது. அதை வாங்கி வண்ணம் பூசிய பெண்மணி, ஆற்றுக்கு அக்கரையில் கிராட்டனில் வேறொரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்.